மூன்று வயதுக் குழந்தையுடன் லண்டனில் ஆறு நாட்கள்

மூன்று வயது மகளை அழைத்துக்கொண்டு மே மாதக் கடைசி வாரத்தில் முதன்முறையாக லண்டன் செல்கிறோம், ஆறு நாட்கள் தங்குவோம், தள்ளுவண்டி எடுத்துச் செல்வதா வேண்டாமா, சுரங்க ரயில் குழந்தைக்கு ஒத்துவருமா, எந்தப் பகுதியில் அறை எடுப்பது, லண்டன் ஐ ராட்டினத்துக்கு இப்போதே சீட்டு வாங்கிவிடலாமா என்று கேட்டு, நாளொன்றுக்கு நான்கு இடங்கள் வீதம் ஒரு திட்டத்தையும் எழுதியிருக்கிறீர்கள். அந்நகரில் ஏழு ஆண்டுகள் வசித்து, என் மகளை அங்குள்ள பேருந்துகளிலும் பூங்காக்களிலும் வளர்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தத் திட்டத்தில் நாளுக்கு ஓர் இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் அடித்துவிடுங்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த இடங்களில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பெரியவர்கள் பார்க்கப் போகும் லண்டன் வேறு, மூன்று வயதுக் குழந்தை பார்க்கும் லண்டன் வேறு. பக்கிங்ஹாம் அரண்மனையின் கம்பிக் கதவுக்கு முன்னால் என் மகளைத் தூக்கி நிறுத்தியபோது, அவள் கண் முழுவதும் சாலையோரத்தைப் பெருக்கிக்கொண்டு போன சிறிய வண்டியின் மீதும், அதன் அடியில் எதிரெதிராகச் சுழன்ற இரண்டு தூரிகைகளின் மீதும்தான் இருந்தது. அந்த வண்டி திருப்பத்தில் மறையும் வரை பார்த்துவிட்டு, "மறுபடி வருமா?" என்று கேட்டாள். அந்த வயதுக்கு லண்டனில் மிகப் பெரிய வேடிக்கை வண்டிகள்தாம்: மாடிப் பேருந்து, ஓட்டுநர் இல்லாத ரயில், ஆற்றுப் படகு, நடுவில் பிளந்து மேலெழும் பாலம். ஆகவே போகும் இடத்தைவிடப் போகும் வழியைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தால், பயணத்தில் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் தங்கும் இடம். மத்திய லண்டனில் மலிவாகக் கிடைக்கும் விடுதிகளில் பல, விக்டோரியா காலத்து அடுக்கு வீடுகளை மாற்றியமைத்தவை. குறுகலான படிக்கட்டு, சிறிய அறை, பல இடங்களில் லிஃப்ட் கிடையாது. நாங்கள் முதன்முதலாக வந்து இறங்கியபோது, படங்களை மட்டும் நம்பி எடுத்த ஒரு விடுதியில் நான்காம் மாடியில் அறை கொடுத்தார்கள். தூங்கும் குழந்தை ஒரு தோளில், மடித்த வண்டி மறு கையில் என்று நாளுக்கு மூன்று முறை ஏறி இறங்கியதில், மூன்றாம் நாள் வெளியே போகவே மனம் வரவில்லை. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே லிஃப்ட் உண்டா, அது உங்கள் மாடி வரை வருமா, அறையில் குழந்தைக்குத் தனிக் கட்டில் போட இடம் இருக்குமா என்ற மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். சிறு சமையலறை உள்ள அறை கிடைத்தால் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாவது எடுங்கள். அதிகாலை மூன்று மணிக்குப் பசித்து விழிக்கும் குழந்தைக்கு அதன் அருமை தெரியும்.

பகுதி என்று கேட்டால் நான் ப்ளூம்ஸ்பரியைச் சொல்வேன். எலிசபெத் லைன் ரயில் நிற்கும் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு நிலையம் அருகில் இருக்கிறது. ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து அந்த ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் வந்து இறங்கலாம், இரு முனைகளிலும் லிஃப்ட் உண்டு. அதைவிட முக்கியமான காரணம், அந்தப் பகுதியில் இருக்கும் கோரம்ஸ் ஃபீல்ட்ஸ் என்ற விளையாட்டுத் திடல். 1739இல் தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகத் தொடங்கிய இல்லம் பிற்காலத்தில் இருந்த நிலத்தில், 1936இல் ஏழு ஏக்கரில் குழந்தைகளுக்கென்றே இது திறக்கப்பட்டது. குழந்தையை உடன் அழைத்து வராத பெரியவருக்கு உள்ளே அனுமதி இல்லை என்பது வாயிலிலேயே எழுதப்பட்டிருக்கும். மணல், தண்ணீர், ஊஞ்சல் எல்லாம் உண்டு, நுழைவுக் கட்டணம் கிடையாது. லண்டனில் எனக்கு ஓர் இடத்தின் மீது நன்றியுணர்வு இருக்கிறதென்றால் அது இதுதான். ஆறு நாட்களில் மூன்று மாலைகளை நீங்கள் இங்கே கழித்தாலும் எதையும் இழந்தவர்களாக மாட்டீர்கள்.

இனி சுரங்க ரயில். 1863இல் ஓடத் தொடங்கிய அமைப்பு அது. தள்ளுவண்டியையும் சக்கர நாற்காலியையும் எண்ணிக் கட்டியதல்ல. இன்று 272 நிலையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் படி ஏறாமல் தெருவிலிருந்து நடைமேடைக்குப் போக முடியும். வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி போட்ட வட்டங்களைப் பார்ப்பீர்கள்: நீல வட்டம் என்றால் தெருவிலிருந்து ரயிலுக்குள் வரை படியே இல்லை, வெள்ளை வட்டம் என்றால் நடைமேடை வரை படி இல்லை, ஆனால் ரயிலுக்கும் நடைமேடைக்கும் இடையே உயர வேறுபாடோ இடைவெளியோ இருக்கும். வட்டமே இல்லாத நிலையத்தில் எங்காவது படிகள் காத்திருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். கோவென்ட் கார்டன் நிலையத்தில் லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையின்றிச் சுழல் படிக்கட்டில் ஏறத் தொடங்குபவர்கள், ஏறி முடிக்க வேண்டியவை 193 படிகள். குழந்தையோடு அந்தத் தவற்றைச் செய்துவிடாதீர்கள்.

இதற்காகச் சுரங்க ரயிலை அடியோடு ஒதுக்க வேண்டாம். காலை ஏழரை முதல் ஒன்பதரை வரையும், மாலை நான்கரை முதல் ஏழு வரையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த நேரங்களில் நிற்பவர்களின் இடுப்பு உயரத்தில்தான் குழந்தையின் முகம் இருக்கும், அதற்கு மூச்சு முட்டும், நமக்கும் பதற்றம். சில தடங்களில் குகைக்குள் ரயில் எழுப்பும் கிறீச்சொலி பெரியவர்களுக்கே காதைப் பொத்தத் தோன்றும் அளவுக்கு இருக்கும். ஒலிக்குப் பயப்படும் குழந்தை என்றால் ஒலி தடுக்கும் காதுமூடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்கலேட்டரில் வண்டியோடு ஏறாதீர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியை மடித்துப் பிடித்து, வலப்பக்கமாக நில்லுங்கள். இடப்பக்கம் நடந்து செல்பவர்களுக்கானது.

ஒன்றை மட்டும் இரு பெற்றோரும் புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ரயில் கதவு மூடும்போது ஒருவர் உள்ளேயும் மற்றவர் வெளியேயும் மாட்டிக்கொண்டால், உள்ளே இருப்பவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அதே நடைமேடையில் நிற்க வேண்டும், வெளியே இருப்பவர் அடுத்த ரயிலில் வந்து சேர வேண்டும். குழந்தை எப்போதும் ஒருவருடைய கைக்குள் இருக்கும்படி, ஏறும்போது குழந்தையைப் பிடித்தவர் முதலில், வண்டியைப் பிடித்தவர் பின்னால் என்று முறை வைத்துக்கொண்டால் இந்த நிலை வந்தாலும் குழந்தை தனியாக நிற்காது. இருந்தாலும் அவள் மணிக்கட்டில் உங்கள் தொலைபேசி எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எழுதிய பட்டை ஒன்று இருக்கட்டும்.

என் பரிந்துரை பேருந்துதான். லண்டன் பேருந்துகள் எல்லாமே தாழ்தளம் கொண்டவை; நடுக் கதவுக்கு எதிரே தள்ளுவண்டியை விரித்தபடியே நிறுத்த இடம் இருக்கும். ஆனால் அந்த இடத்தில் முதல் உரிமை சக்கர நாற்காலியில் வருபவருக்கு. அவர் ஏறினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியை மடிக்க வேண்டும். ஓட்டுநர் பெயருக்கு ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடக் கூடாது என்று 2017இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு விடை: தள்ளுவண்டி கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள், வீட்டில் நன்றாக நடக்கும் குழந்தையாக இருந்தாலும் சரி, ஆனால் ஒரு கையால் மடிக்கக்கூடிய, தோளில் மாட்டிக்கொள்ளும் எடையில் உள்ளதாக இருக்கட்டும். மழைக்கு மூடும் ஒளி ஊடுருவும் உறையையும் மறவாதீர்கள். மூன்று வயதுக் குழந்தை இரண்டு கிலோமீட்டர் நடக்கும், பிறகு நடுத்தெருவில் உட்கார்ந்துவிடும். அந்த வண்டிதான் அப்போது அவளுடைய படுக்கையும்கூட.

பேருந்தில் காசு வாங்குவதில்லை. 2014 முதல் அப்படித்தான். தொடாமல் பணம் செலுத்தும் வங்கி அட்டையையோ, லண்டன் போக்குவரத்துக்கென்றே உள்ள ஆய்ஸ்டர் அட்டையையோ ஏறும்போது ஒருமுறை காட்டினால் போதும். ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்துகளில் மாறி ஏறினாலும் கட்டணம் ஒன்றுதான். பெற்றோர் இருவரும் ஆளுக்கோர் அட்டை வைத்திருக்க வேண்டும், ரயிலில் என்றால் நுழையவும் வெளியேறவும் அதே அட்டையைக் காட்ட வேண்டும். குழந்தைக்குக் கட்டணம் இல்லை.

மாடிப் பேருந்தின் மேல்தளத்தில், ஓட்டுநரின் தலைக்கு மேலே இருக்கும் முன்வரிசை இருக்கையில் உங்கள் மகளை உட்கார வையுங்கள். மரக்கிளைகள் கண்ணாடியில் உரசும், தெருவிளக்குகள் முகத்துக்கு நேரே வரும், திருப்பங்களில் பேருந்து எதிர்க் கட்டடத்தின் மேல் ஏறப்போவது போல நெருங்கிச் சென்று கடைசி நொடியில் வளையும். 15ஆம் எண் பேருந்து டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து செயின்ட் பால் தேவாலயத்தைக் கடந்து லண்டன் கோபுரம் வரை போகிறது. 9ஆம் எண் பிக்கடில்லி, ஹைட் பார்க் முனை வழியாக ராயல் ஆல்பர்ட் ஹால் வரை கொண்டுவிடும். சுற்றுலாப் பேருந்துக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பங்குகூட இவற்றுக்கு ஆகாது. இறங்க வேண்டிய இடத்துக்கு முந்தைய நிறுத்தத்தில், பேருந்து அசையாமல் நிற்கும்போதே கீழே வந்துவிடுங்கள். ஓடும் பேருந்தின் மாடிப்படி குழந்தையோடு இறங்கத் தகுந்ததல்ல.

கறுப்பு டாக்சியில் தள்ளுவண்டியை மடிக்காமல் அப்படியே உருட்டி ஏற்றலாம் என்பது பெரிய வசதி. பிரிட்டனில் பன்னிரண்டு வயது வரை அல்லது 135 செ.மீ. உயரம் வரை காரில் குழந்தை இருக்கை கட்டாயம் என்றாலும், டாக்சியில் அது இல்லாவிட்டால் மூன்று வயதுக் குழந்தை பின்னிருக்கையில் பெரியவர்களுக்கான பட்டையைப் போட்டுக்கொண்டு போகச் சட்டம் இடம் தருகிறது. சட்டம் இடம் தருவது வேறு, பாதுகாப்பு வேறு. விமான நிலையத்திலிருந்து நெடுஞ்சாலையில் வரும் தொலைவுக்கு நான் ரயிலையே தேர்ந்தெடுப்பேன்.

எங்கே போவது என்பதற்கு வருகிறேன். உங்கள் தேதிகளில் ஒரு சிக்கல் இருக்கிறது: மே மாதக் கடைசித் திங்கட்கிழமை அங்கே பொது விடுமுறை, அந்த வாரம் முழுவதும் வழக்கமாகப் பள்ளிகளுக்கு இடைப்பருவ விடுமுறை. நகரத்தின் குழந்தைகள் அத்தனை பேரும் அருங்காட்சியகங்களில் இருப்பார்கள். தேதியை ஒரு வாரம் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டால் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு இலவச நேரச் சீட்டை முன்பதிவு செய்து, பத்து மணிக்குத் திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். பெரிய மண்டபத்தின் கூரையிலிருந்து 25.2 மீட்டர் நீள நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு, வாயைத் திறந்து பாய்ந்துவரும் நிலையில் தொங்குகிறது. அதன் கீழே தள்ளுவண்டியை நிறுத்தி, சாய்த்துப் படுக்கவைத்துக் காட்டுங்கள். டைனோசர் பகுதியில் அசைந்து உறுமும் டைரனோசரஸ் ஒன்று இருளில் நிற்கிறது. என் மகள் அங்கே அலறிய அலறலுக்குப் பிறகு ஒரு வாரம் விளக்கை அணைக்க விடவில்லை. உங்கள் மகளின் மனத்தை நீங்கள்தான் அறிவீர்கள், ஐயமிருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். அருகிலேயே அறிவியல் அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் மூன்று முதல் ஆறு வயதுக்கென்றே தண்ணீர் விளையாட்டோடு ஒரு கூடம் இருக்கிறது, மாற்றுடை அவசியம். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க எண்ண வேண்டாம்.

ஒரு முழு நாளைத் தேம்ஸ் கரையிலுள்ள கிரீனிச் பகுதிக்குக் கொடுங்கள். பேங்க் நிலையத்திலிருந்து டி.எல்.ஆர். என்ற, ஓட்டுநர் இல்லாத இலகு ரயிலில் லூயிஷம் போகும் வண்டியில் ஏறி, முதல் பெட்டியின் முன்வரிசையைப் பிடியுங்கள். 1987 முதல் ஓடும் இந்த ரயிலுக்கு ஓட்டுநர் அறை கிடையாது. முன் கண்ணாடிக்கும் குழந்தைக்கும் நடுவே எதுவும் இருக்காது. பேங்கின் குகையிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறி, கேனரி வார்ஃபின் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே நெளிந்து, தண்ணீர்மேல் கடந்து, மறுபடி குகைக்குள் இறங்கித் தேம்ஸ் நதிக்கு அடியில் போய், கிரீனிச்சில் நிற்கும். அரை மணிக்கும் குறைவான இந்தப் பயணத்தில் என் மகள் தானே ரயிலை ஓட்டுவதாக எண்ணிக் கண்ணாடியில் இரு கைகளையும் பதித்தபடி நின்றிருப்பாள். கிரீனிச்சின் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் தரையெங்கும் உலக வரைபடம் விரிந்த ஒரு தளம் இருக்கிறது. கடலிலிருந்து கடலுக்குக் குழந்தைகள் ஓடித் திரியலாம், அதற்கும் கட்டணம் இல்லை. திரும்பும்போது படகில் ஏறி டவர் பாலம் வரை வாருங்கள். 1894இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் இரு பாதிகளும் எந்தெந்த நாளில் எந்த நேரத்தில் மேலெழும் என்பதை அவர்களுடைய இணையதளத்தில் முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கிரீனிச் நாளை முடிவு செய்யுங்கள்.

முதல் இரண்டு நாட்களில் தூக்கம் குலையும். கோடையில் லண்டன் நேரம் இந்தியா, இலங்கை நேரத்துக்கு நாலரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், ஏழு மணிக்கு விழிக்கும் குழந்தை அங்கே நள்ளிரவு இரண்டரைக்கு எழுந்து உட்காரும். திட்டாதீர்கள், மீண்டும் தூங்கச் சொல்லி மல்லுக்கட்டவும் வேண்டாம். மங்கலான விளக்கில் ஏதாவது உண்ணக் கொடுத்து, சத்தமில்லாத விளையாட்டில் இருத்துங்கள். மே இறுதியில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். செயின்ட் ஜேம்ஸ் பூங்கா காலை ஐந்துக்கே திறந்திருக்கும். 1664இல் ரஷ்யத் தூதர் இரண்டாம் சார்லஸ் மன்னருக்குப் பரிசளித்த காலத்திலிருந்து அங்கே கூழைக்கடாக்கள் இருக்கின்றன, அந்நேரத்தில் அவற்றைப் பார்க்க வேறு யாரும் வந்திருக்க மாட்டார்கள். மாலையில் நேர்மாறான சிக்கல்: ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், "இன்னும் பகல்தானே" என்று குழந்தை கேட்கும். அறையில் கனத்த திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பகல் தூக்கத்தைப் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் நீளவிடாமல் எழுப்பி வெயிலில் நடத்தினால் மூன்றாம் நாளில் சரியாகிவிடும்.

கழிப்பறை பற்றி எவரும் சொல்வதில்லை. சுரங்க நிலையங்களில் பெரும்பாலானவற்றில் அது இல்லை, அல்லது சீட்டு வாயிலுக்கு வெளியே இருக்கும். "உச்சா வருது" என்று குழந்தை சொன்னபின் உங்களிடம் இருப்பது இரண்டு நிமிடம். ஒவ்வொரு அருங்காட்சியகத்திலிருந்தும் வெளியேறும் முன் ஒருமுறை அழைத்துச் செல்வதை வழக்கமாக்குங்கள். டயப்பரை விட்ட குழந்தையாக இருந்தாலும் நீண்ட ரயில் பயணங்களுக்கு ஒன்றைப் போட்டுவிடுவதில் தவறே இல்லை.

காய்ச்சலுக்கான பாரசிட்டமால் மருந்தை ஊரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள், கூடவே அதன் அளவுக் கரண்டியையும். அங்கே ஆறு வயதுக்குட்பட்டோருக்கான திரவம் 5 மி.லி.யில் 120 மி.கி. என்ற செறிவில் வருகிறது. உங்கள் புட்டியின் செறிவு வேறாக இருக்கலாம் என்பதால் ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்திவிடக் கூடாது. அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கு 111, உயிர் அவசரத்துக்கு 999. அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பார்ப்பது வெளிநாட்டவருக்கும் இலவசம், ஆனால் உள்நோயாளியாகச் சேர்த்தால் பெருந்தொகை ஆகும். பயணக் காப்பீட்டில் குழந்தையின் பெயர் தனியாக இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் குழந்தைக்கும் தனி விசா விண்ணப்பம் தேவை. ஐந்து வயதுக்குட்பட்டோருக்குக் கைரேகை எடுப்பதில்லை, புகைப்படத்துக்கு மட்டும் நேரில் வர வேண்டும். பிறப்புச் சான்றிதழின் நகல் கைப்பையில் இருக்கட்டும். எல்லை அதிகாரி குழந்தையிடமே "இது யார்?" என்று கேட்கலாம், அது வழக்கமான கேள்விதான், நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டாம்.

கடைசியாக லண்டன் ஐ. 135 மீட்டர் உயரம், ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம், வண்டியை மடித்துத்தான் ஏற வேண்டும், உள்ளே கழிப்பறை இல்லை, பாதியில் இறங்க முடியாது. வரிசையில் நின்ற நேரத்தையும் சேர்த்தால் மூன்று வயதுக்கு அது நீளம். மேலிருந்து நகரத்தைப் பார்ப்பது உங்கள் இருவருக்கும் ஆசை என்றால் தயங்காமல் போங்கள், பெற்றோருக்கும் அது பயணம்தானே. ஆனால் இப்போதே சீட்டு வாங்காதீர்கள். நாலாம் நாள் காலையில், அவள் இரவு முழுவதும் தூங்கி எழுந்தாளா என்று பார்த்துவிட்டு, அன்றைய வானிலையையும் பார்த்துவிட்டு, முற்பகல் நேரத்துக்கு வாங்குங்கள்.